யாருடைய அமானிதம்?

பிறர் இல்லத்துள் நுழைபவன் எதுவரை செல்ல அனுமதி பெற்றவன் ஆகிறான்? வாயிலில் நின்று இசைவு கேட்டுப் பின்னர் உள்ளே செல்வது பண்பு என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்த இசைவு கூடத்தோடு நின்றுவிடுகிறதா, அங்கு வாழும் ஒரு சிறுவனின் உள்ளம் வரை செல்கிறதா என்பது வேறு வினா. மனம் நொந்த பருவ வயதினரை மருத்துவமனைக்கு வரவழைக்காமல், அவர்கள் வாழும் வீட்டிற்கே சென்று துணைநிற்கும் பணி ஒன்று வளர்ந்து வருகிறது. அப்பணி இவ்வினாவைப் புதிதாக எழுப்புகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இப்பணி விரிவடைந்தது ஒரு வழக்கினால். மெடிக்கெய்ட் என்னும் ஏழையர் மருத்துவ உதவித் திட்டத்தைச் சார்ந்திருந்த சிறார் சிலரின் சார்பில், ரோஸி டி. என்னும் மறைபெயரில் 2001ஆம் ஆண்டு அவ்வழக்கு தொடரப்பட்டது. இல்லத்தில் வைத்தே பெறத்தக்க உதவி கிடைக்காமையால் பிள்ளைகள் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் தேவையின்றித் தங்க நேரிடுகிறது என்பது முறையீடு. 2006 ஜனவரியில் நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 முதல் 21 வயதுக்கு உட்பட்டோர்க்கு இல்லம் தேடிச் செல்லும் மனநல உதவி அங்கே நடைமுறைக்கு வந்தது. குடும்பம் முழுவதோடும் பேசுவதற்கு ஒருவரும், பிள்ளையோடு மட்டும் பழகி வழிகாட்டுவதற்கு வேறொருவரும் வருவதுண்டு.

அவர்கள் செய்வது என்ன? மருந்து கொடுப்பதில்லை, அது மருத்துவர் வேலை. காலையில் படுக்கையை விட்டு எழ மறுக்கும் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் அவர்கள் வேலையே. சினம் தலைக்கேறுமுன் அதன் அறிகுறியை அவனே கண்டுகொள்ளப் பழக்குவார்கள். தாயும் மகளும் கத்தாமல் ஒரு செய்தியைப் பேசி முடிப்பதற்கு இடையில் இருந்து உதவுவார்கள். சிறிய வீடுகளில் தனியறை எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வதும் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாலையைப் பார்த்தபடி காரில் செல்லும்போதுதான் பல பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது. திரும்பி வந்ததும் வாசலில் தாய் நிற்கிறாள். "என்ன சொன்னான்?" என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்விக்குரிய விடையில்தான் சிக்கல் இருக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஜாமீ அரூளீ எழுதிய 'சஹார் மகாலா' என்னும் பார்சி நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. குர்கான் நாட்டு மன்னர் காபூஸின் உறவினனான இளைஞன் ஒருவன் காரணம் தெரியாத நோயில் வாடுகிறான். இப்னு ஸீனா அழைத்துவரப்படுகிறார். அவர் இளைஞனின் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊரை நன்கறிந்த ஒருவனைப் பகுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்கிறார். ஒரு பகுதியின் பெயர் வந்ததும் நாடி துள்ளுகிறது. பின்னர் தெருக்கள், அதன்பின் வீடுகள், இறுதியில் அவ்வீட்டிலுள்ளோர் பெயர்கள். இளைஞன் இன்னாளைக் காதலிக்கிறான், அவளை மணமுடித்து வைப்பதே மருந்து என்று ஹகீம் கூறிவிட்டார். இளைஞனோ வெட்கத்தால் போர்வைக்குள் முகம் மறைத்துக்கொண்டான். (காபூஸ் இறந்த பின்னரே இப்னு ஸீனா குர்கான் அடைந்தார் என்பதால் ஆய்வாளர் இதனை வரலாறாகக் கொள்வதில்லை. ஆயினும் நாடியால் காதலை அறியும் இம்முறையை இப்னு ஸீனாவே தம் 'கானூன்' நூலில் விளக்கியுள்ளார்.)

இதனைப் படிப்போர் ஹகீமின் கூர்மதியை வியப்பர். எமக்கோ அந்தப் போர்வைதான் கண்ணில் நிற்கிறது. அவன் எதையும் சொல்லவில்லை. அவனுடைய நரம்பு சொல்லிற்று. அதனை அவனைக் கேளாமலே பெரியவர்கள் கையில் கொடுத்தாயிற்று. திருமணம் நடந்தமையால் கதை இனிதாக முடிந்தது. மன்னர் மறுத்திருந்தால்? அவனுடைய நோயோடு அவமானமும் சேர்ந்திருக்கும்.

அமானிதம் என்னும் சொல்லுக்கு அரபியில் வேர் 'அம்ன்'. அச்சமற்ற நிலை என்பது அதன் பொருள். அச்சமில்லாத இடத்தில் ஒருவர் ஒரு பொருளை வைத்துச் செல்கிறார். அதனைக் கேட்டு வாங்க உரிமையுடையவர் வைத்தவரே. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் தாய். சொல்லை வைத்தவன் பிள்ளை. ஆகவே "என்ன சொன்னான்?" என்னும் வினாவுக்கு, "அவனே தங்களிடம் சொல்லும்படி செய்ய முயல்கிறேன்" என்பதே பொதுவில் தக்க விடை என்று நாம் கருதுகிறோம்.

பெற்றோர்க்கு உரிமை இல்லையா எனக் கேட்கலாம். உண்டு, அதுவும் சிறியதன்று. இரவில் விழித்திருப்பவர்கள் அவர்கள். பணியாளர் வாரத்தில் சில மணி நேரமே வருபவர். அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் ஹெங்கெலர் வகுத்த இல்லச் சிகிச்சை முறையில் பெற்றோரே மாற்றத்தின் முதன்மைக் கருவி. ஒரு பணியாளர் நான்கு முதல் ஆறு குடும்பங்களையே ஏற்பார், எந்நேரமும் அழைக்கலாம், மூன்று முதல் ஐந்து மாதங்களில் விடைபெற்றுச் செல்வார். போகிறவரிடம் மட்டும் ஒரு பிள்ளையின் உள்ளம் இருந்துவிட்டால் வீட்டில் எஞ்சுவது என்ன? நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்க்கு அவருடைய காப்பாளரையே பிரதிநிதியாக வைத்து, தம் கடமையைச் செய்வதற்கு வேண்டிய செய்திகளை அவர் பெறலாம் என்கிறது. கடமைக்கு வேண்டியவை என்னும் அளவு நோக்கத்தக்கது. மகள் யாரை விரும்புகிறாள், தந்தையைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பனவெல்லாம் அவ்வளவுக்குள் அடங்கா.

காக்கக் கூடாத மறைபொருளும் உண்டு. பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நியாயமான ஐயம் எழுந்தால் அரசுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று மாசசூசெட்ஸ் சட்டம் மருத்துவர், ஆசிரியர், சமூகப் பணியாளர் முதலானோரைக் கட்டுப்படுத்துகிறது. பாலியல் குற்றங்களில் இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் அவ்வாறே. இதில் விவாதத்திற்கு இடமில்லை.

கடினம் இடையில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் தன் கையைத் தானே கீறிக்கொள்கிறாள். சாகும் எண்ணம் இல்லை, வலி வந்தால் மனம் அடங்குகிறது என்கிறாள். அம்மாவிடம் சொன்னால் இனி உங்களோடு பேசமாட்டேன் என்றும் சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. தம்மைக் கீறிக்கொள்வோரில் பலர்க்குச் சாகும் நோக்கம் இருப்பதில்லை. ஆனால் அவ்வாறு செய்வோர்க்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மிகுதி என்பதும் ஆய்வில் தெளிந்த உண்மை. பேசாதிருந்தால் உயிருக்குத் துரோகம். பேசினால் அவள் வாய் அடைபடும்.

தாய் அறியவேண்டும் என்பதே எம் கருத்து. ஆனால் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அவள் அறியலாகாது. முதல் நாளிலேயே, ஒரு சொல்லும் கேட்பதற்கு முன்பே, "உயிருக்கு ஆபத்தானதை நான் மறைக்கமாட்டேன், மற்றவை உன்னுடையவை" என்று பணியாளர் சொல்லியிருக்கவேண்டும். எல்லையைப் பின்னர் அறிவிப்பது பொறி வைப்பதற்கு ஒப்பாகும். அதன்பின் தாயிடம் எப்போது சொல்வது, யார் தொடங்குவது, எச்சொல்லைத் தவிர்ப்பது என்று அவளோடு கலந்து முடிவு செய்து, அவள் பேசும்போது பக்கத்தில் அமர்ந்திருக்கவேண்டும். தாய்க்கும் முன்கூட்டியே ஒரு சொல் வேண்டும். கேட்ட மாத்திரத்தில் அவள் கூக்குரலிட்டால் அடுத்த முறை மகள் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துக்கொள்வாள்.

இன்னொன்றும் உண்டு, அதனைப் பலர் எண்ணுவதில்லை. ஒவ்வொரு வருகைக்கும் குறிப்பு எழுதவேண்டும். பணியாளர் சென்றபின்னும் அந்த ஏடு அலுவலகத்தில் இருக்கும். பெற்றோர் கேட்டால் பல நேரங்களில் காட்டவேண்டியும் வரும். ஆகையால் பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் படித்துக் காட்டியே எழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. "இதை இப்படிப் போடாதீர்கள்" என்று அவன் சொல்வான். பேனா நிற்கும், இருவரும் வேறொரு சொல் தேடுவார்கள்.