வீடா, பள்ளியா?

"பள்ளிக்கு அனுப்பினால் குழந்தையின் ஒழுக்கம் கெடுமே, வீட்டிலேயே கற்பித்தால் என்ன?" என்று இளந்தாய் ஒருவர் நம்மிடம் வினவினார். அவரது அச்சம் பொருளற்றதன்று. அரசுப் பள்ளிச் சத்துணவில் முட்டை உண்டு. அதனை உண்ணாதார்க்கு வாழைப்பழம் வழங்கப்படினும் பந்தி ஒன்றே.

நாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது இவ்வச்சத்தாலேயே ஒரு பிழை செய்தோம். நம் சமயச் சிறுமி ஒருத்தியைத் தனியே அமர்த்தி உண்ணச் செய்தோம். சில திங்களில் அவள் தோழியரின் உணவைக் கண்டு முகம் சுளிக்கலானாள். உயிர்களிடத்து இரக்கத்தைக் காக்க எண்ணி, மனிதரிடத்து அருவருப்பை வளர்த்துவிட்டோம். பிறர் மனத்தைப் புண்படுத்துவதும் இம்சையே அன்றோ?

2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயதினர்க்குக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. ஆயினும் ஈண்டு நாம் கருதுவது அறத்தையே. மாவிரதம் துறவியர்க்கு உரியது. அணுவிரதமோ உலகின் நடுவே வாழும் இல்லறத்தார்க்கென வகுக்கப்பட்டது. சமண முனிவர் உறைந்த இடத்திற்கும் பள்ளி என்பதே பெயர்.

ஆகவே, பொழுது சாயுமுன் உண்ணலையும், நீரை வடிகட்டிப் பருகலையும், அவற்றின் காரணத்தையும் வீட்டில் கற்பிப்போம். பின்னர்க் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவோம். அங்கே எல்லோருடனும் அமர்ந்து அது தன் உணவை உண்ணட்டும்.