எறும்பின் அச்சமும் பிள்ளைகளின் வியப்பும்



அழுங்கைப் பற்றி அறிவீர்களா? உடல் முழுவதும் செதில். வாயில் ஒரு பல்லும் இல்லை. நீண்ட நாக்கினால் எறும்பையும் கறையானையும் நக்கி உண்டு, இரவில் நடமாடும் சாதுவான பிராணி அது. ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல்லுக்கும் எளிதில் இடங்கொடாத கவசம்! ஆனால் மனிதனிடம் மட்டும் அந்தக் கவசம் பலிப்பதில்லை. சுருண்டு கிடப்பதை அவன் அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான்.

காட்டோரத்தில் இப்படியொரு பிராணி கண்ணில் பட்டால் ஒருவருக்கு இறைச்சி நினைவுக்கு வருகிறது. இன்னொருவருக்கு விலை நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ, “இது என்ன? ஏன் இப்படி இருக்கிறது?” என்ற கேள்வி வருகிறது. உடனே கூட்டாளிகளைத் தேடி ஓடுகிறது; கண்டதைச் சொல்கிறது; கைத்தொலைபேசியில் படம் இருந்தால் காட்டுகிறது. அவர்களும் தாங்கள் கண்ட தேவாங்கையும் கபரகொய்யாவையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். “படிக்கிற நேரத்தில் பாம்பும் பல்லியும் எதற்கு?” என்று பெற்றார் அதட்டுகிறார்கள்.

அந்த அதட்டல் நியாயந்தானா? அபூர்வப் பிராணிகள் மீது இளையோர் கொள்ளும் வியப்பு வெறும் பொழுதுபோக்கா, அல்லது ஒழுக்க வாழ்வோடு அதற்குத் தொடர்பு உண்டா? இதுவே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

ஞானியின் பாடம்

சாலமோன் அரசரை ஞானத்தின் உருவம் என்கிறோம். அவருடைய ஞானத்தை விவரிக்கும் அரசர் முதல் நூல் (4:33), அவர் மரஞ்செடிகளைப் பற்றியும், விலங்கு, பறவை, ஊர்வன, மீன் ஆகியவற்றைப் பற்றியும் பேசினார் என்று சொல்கிறது. அரசியலும் நீதியும் அறிந்தவருக்கு ஊர்வனவற்றைப் பற்றிப் பேசுவது இழிவாகப் படவில்லை.

இதே சாலமோனைச் சுலைமான் நபி என்று போற்றுகிறவர்கள் நம் முஸ்லிம் அயலவர்கள். அவர்களது குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என்று உயிரினங்களின் பெயர் தாங்கிய அத்தியாயங்கள் உண்டு. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இறக்காமத்திலும் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் அறிந்த சம்பவம் ஒன்று, எறும்பு என்ற அத்தியாயத்தில் வருகிறது. சுலைமான் நபியின் சேனை எறும்புகள் வாழும் பள்ளத்தாக்கை அடைகிறது. ஓர் எறும்பு மற்றவற்றைப் புற்றுக்குள் போகுமாறு எச்சரிக்கிறது. சேனை தம்மை அறியாமலே மிதித்துவிடக்கூடும் என்பது அதன் அச்சம். அதைக் கேட்ட மன்னர் புன்னகை செய்து, இறைவனுக்கு நன்றி கூற அருள் வேண்டுகிறார்.

அந்த எறும்பு மன்னரைக் கொடியவர் என்று குற்றஞ்சாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அறியாமல் மிதிப்பார் என்றே அஞ்சியது. நம் காலத்தில் உயிரினங்களுக்கு நேரும் கேட்டில் பெரும்பகுதி இவ்வகையானதே. பகைத்து அழிப்பவர் சிலர். அறியாமல் மிதிப்பவர் பலர். ஆகவே ஒரு பிராணியை அறிந்துகொள்வது அதற்கு நாம் செய்யும் முதல் நீதியாகிறது.

பள்ளக்காட்டு யானைகள்

சான்றுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், சுற்றுவட்டார ஊர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்த திடல் ஒன்று உண்டு. காட்டு யானைகள் அங்கே இரை தேடி வரப் பழகின. உணவோடு ஒட்டியிருந்த பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கின. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இவ்வாறு மடிந்தன என்று 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. இறந்தவற்றின் வயிற்றில் காணப்பட்டவை பொலித்தீனும் உணவு உறைகளுமே.

இது யார் செய்த கொலை? துப்பாக்கி எடுத்தவர் எவருமில்லை. மதியச் சோற்றுப் பொதியைப் பிரித்து உண்டோம், உறையை வீசினோம், அவ்வளவுதான்! இதே மாவட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் யானைகளைக் காண எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று நாம் கேட்டதுண்டா? யானையை வியந்து பேசும் பிள்ளையே அந்தக் கேள்வியையும் ஒருநாள் கேட்கும்.

வியப்புக்கும் சோதனை உண்டு

எனினும் எல்லா வியப்பும் நல்வியப்பு அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், அறிவை நெறியோடு தேடுவதை நற்பண்பு என்றும், நெறி தவறிய வீண் ஆவலைக் குறை என்றும் பிரித்துக் காட்டினார். நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிவினை தேவை.

முதற் சோதனை, கண்டதை உடைமையாக்கும் ஆசை. நட்சத்திர ஆமையின் ஓடு அழகானது. அந்த அழகே அதற்கு எமனாயிற்று. வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக அது கடத்தப்படுகிறது. 2016இல் அழுங்கு இனங்கள் எட்டுக்கும், 2019இல் நட்சத்திர ஆமைக்கும் சர்வதேச வணிகத் தடை விதிக்கவேண்டி வந்தது. இரண்டாவது சோதனை, வேடிக்கை. வீதியோர யானைக்குப் பழம் நீட்டிப் படம் எடுப்பவர் யானையைப் பார்ப்பதில்லை, தம்மையே பார்க்கிறார்.

அப்படியானால் நல்வியப்பு எது? மட்டக்களப்பு வாவியின் பாடுமீனை நினைத்துப் பாருங்கள். 1848இல் அங்கு சென்ற எமர்சன் தெனன்ற், அந்த நீரடி இசையைக் கேட்டு எழுதி வைத்தார். 1950களில் இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் அதனைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. ஓசை நாடெங்கும் போயிற்று. பாடியது வாவியிலேயே இருந்தது! பகிரப் பகிரக் குறையாத செல்வம் இதுவே. ஆமையைப் பெட்டிக்குள் வைத்தால் ஒருவனுக்கு மட்டும் சொந்தம். அதைப் பற்றிய அறிவைச் சொன்னால் பத்துப் பேருக்கும் சொந்தம். கூடிப் பேசும் பழக்கம் பிடித்து வைக்கும் ஆசையைத் தணிக்கிறது. சென்னையில் 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு இயக்கத்தினர், பருவகாலத்தில் இரவிரவாகக் கடற்கரை வழியே நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்கள் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அதுவே அந்த அன்பின் அழகு.

மனிதனை மறக்கலாமா?

“மனிதரே துன்பப்படும்போது மிருகத்துக்கு இரங்குவதா?” என்று ஒருவர் கேட்கலாம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்தக் கரையில் நின்று இக்கேள்வியைக் கேட்பவரை அலட்சியம் செய்ய முடியாது. கதிர் முற்றிய வேளையில் யானை புகுந்து வயலை அழித்தால், அந்த விவசாயியின் கண்ணீரே நாம் முதலில் துடைக்க வேண்டியது. 2023இல் மாத்திரம் யானை–மனித மோதலில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்நாட்டில் உயிரிழந்தனர். யானையின் அழகு எல்லோருக்கும், இழப்பு ஏழை விவசாயிக்கு மட்டும் என்பது நீதியாகாது. யானையை நேசிப்பதாகச் சொல்லும் நாடு, வேலிக்கும் நட்டஈட்டுக்குமான செலவில் தானும் பங்கேற்க வேண்டும்.

ஆனால் இரக்கம், அளந்து கொடுத்தால் தீர்ந்துபோகும் அரிசி மூட்டை அல்ல. சுருண்டு கிடக்கும் அழுங்கின் மீது கல்லெறியாத கை, பலவீனமான அயலவன் மீதும் எளிதில் ஓங்காது. எதிர்க்க வலுவற்ற உயிரின் முன்னால் நாம் எப்படி நடக்கிறோம் என்பதில்தான் நம் குணம் தெரிகிறது. அங்கே சாட்சியும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. மனச்சாட்சி மட்டுமே உண்டு.

ஆகவே பெற்றாரே, உங்கள் பிள்ளை விசித்திரமான பிராணி ஒன்றைப் பற்றிச் சொல்ல ஓடி வந்தால் அதட்டாதீர்கள். என்ன உண்ணும், எங்கே உறங்கும், எதற்கு அஞ்சும் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். பிடித்து வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அயல்வீட்டு முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளட்டும். எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்து நடக்கும் தலைமுறை ஒன்று நமக்கு வேண்டும்.