சூரைச்செடியின் அடியில்



இன்றைய முதல் வாசகத்தில் எலியா சாவைக் கேட்டு மன்றாடுகிறார். கார்மேல் மலையில் அவர் செபித்தபோது விண்ணிலிருந்து நெருப்பு இறங்கியது. அதே எலியா, அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பணியாளரையும் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்துவிடுகிறார்.

ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. வானதூதர் தொட்டு எழுப்புகிறார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்ட எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! அதற்கும் கோபம் இல்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்து ஊட்டம் தருகிறார். இங்கே எதற்காக வந்தாய் என்று ஆண்டவர் கேட்பது, நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போன பிறகுதான்.

நம் பங்குகளில் முதலில் வருவது கேள்விதான். ஒரு பெண் மாதக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பிள்ளையைக்கூடத் தூக்க மனமில்லை என்றால், "ஒழுங்காகச் செபமாலை சொல்கிறாயா?" என்கிறோம். காதில் குரல் கேட்கிறது என்று ஓர் இளைஞன் சொன்னால், செய்வினை என்று முடிவுகட்டி, செபக்கூட்டம் செபக்கூட்டமாக அழைத்துப் போகிறோம். சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று அங்கே சிலர் சொல்லியும் அனுப்புகிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். நிறுத்துவதா, குறைப்பதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். குருவானவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

நாம் நேசிக்கும் குழந்தை தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டினை நினைத்துப் பாருங்கள். தெரேசா துறவற உடை பெற்ற அடுத்த மாதம், 1889 பிப்ரவரியில், அவரை பிரான்சின் கான் நகரில் இருந்த மனநோயாளர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் அப்பாவுக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. மடத்துச் சுவருக்குள் இருந்த தெரேசாவின் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டியது. ஆனால் தெரேசாவின் அக்காக்கள் செலினும் லெயோனியும் அப்பாவுக்கு அருகில் இருக்கவேண்டும் என்று அந்த நகரிலேயே சில மாதங்கள் அறை எடுத்துத் தங்கினார்கள். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், லூயிக்கும் அவர் மனைவி செலிக்கும் புனிதர் பட்டம் வழங்கினார். மனநோயாளர் மருத்துவமனையில் கழிந்த ஆண்டுகள் அவருடைய புனிதத்தைக் குறைக்கவில்லை.

தற்கொலையில் பிள்ளையை இழந்த பெற்றோரும் இங்கே அமர்ந்திருக்கலாம். முற்காலத்தில் அப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் நம் மறைக்கல்வி நூல் 2282, 2283 எண்களில் போதிக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைக்காகத் தயங்காமல் பூசை கேளுங்கள். பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வாழ்வதே பாரம் என்று இந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருக்கும் மகனே, மகளே, 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள். அரசின் டெலி மனஸ் சேவை அது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பங்கு இல்லத்தின் கதவையும் எந்த நேரமும் தட்டலாம். மருத்துவரிடம் தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன். அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் தெருவில் கதவடைத்துக் கிடக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அங்கே சாப்பாடு கொண்டுபோங்கள். புத்திமதி வேண்டாம்.

இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில், மனநோயால் துன்புறுவோரையும் அவர்களை இரவுபகலாகக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்வோம். இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.