கறுப்பு மையில் ஒரு சிவப்புப் பாதிரியார்

இசையமைப்பாளர் அந்தோனியோ விவால்டியின் உருவத்தை 1725இல் செப்புத்தகட்டில் செதுக்கியவர் ஃபிரான்சுவா மொரெல்லோன் தெ லா காவ். அந்த அச்சுப்படத்தைப் பார்க்கிறவர்களின் கண் நேரே முகத்துக்குப் போய்விடும். முகத்தை விடுங்கள், தலையையும் கழுத்தையும் பாருங்கள் என்பேன். தலையில் சுருள்சுருளாகப் பொய்முடி. கழுத்தில் திறந்து கிடக்கும் சட்டை. கையில் இசைத்தாள்.

வெனிஸ்காரர்கள் அவரைச் ‘சிவப்புப் பாதிரியார்’ என்றுதான் அழைத்தார்கள். செம்பட்டை முடிக்காரர், 1703இல் குருப்பட்டம் பெற்றவர். படத்திலோ சிவப்பும் இல்லை, பாதிரியாரும் இல்லை. முடியின் நிறத்தைக் கறுப்பு மை சொல்லாது, சரி. குருவின் உடையை வரையக் கோடுகளே போதுமே! அதுவும் இல்லை.

அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் லெ சேன் பதிப்பகம் அவருடைய எட்டாம் தொகுப்பை வெளியிட்டது. ‘நான்கு பருவங்கள்’ அதில்தான் இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ‘டி’ என்று ஒற்றை எழுத்து நிற்கிறது. ‘டோன்’ என்ற குருமார் பட்டத்தின் சுருக்கம் அது. எழுத்தில் பாதிரியார், படத்தில் இசைக்கலைஞர். பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே நெஞ்சிறுக்கத்தைக் காரணம் காட்டிப் பூசை வைப்பதை நிறுத்திவிட்டவர் அவர். அவரை நேரில் பார்க்கவே வாய்ப்பில்லாத தூரத்து ரசிகர்களுக்கு எந்த விவால்டியைக் காட்டுவது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கையும் தாளும் முழு உண்மை.

அந்தத் தூரத்து ரசிகர்களை அவருக்குச் சம்பாதித்துத் தந்ததும் செம்புதான். அவருடைய முதல் இரண்டு தொகுப்புகள் வெனிஸில் அச்செழுத்துக் கோத்து அச்சானவை. அந்த முறையில் வேகமான சுரக்கோவைகள் துண்டுதுண்டாகத் தெரியும். 1711இல் மூன்றாம் தொகுப்போடு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார். அங்கே இசையையும் செப்புத்தகட்டில்தான் செதுக்கினார்கள். ஓடும் சுரங்களை ஒரே கோட்டில் இணைத்துக் காட்ட முடிந்தது. பாட்டும் முகமும் ஒரே உலோகத்திலிருந்து தாளுக்கு இறங்கியிருக்கின்றன. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அச்சுப்படம் விட்டதை ஒரு கிறுக்கல் பிடித்து வைத்திருக்கிறது. 1723இல் ரோமில் பியெர் லியோனே கெட்ஸி விவால்டியைப் பக்கவாட்டில், பெரிய வளைந்த மூக்கோடு கேலிச்சித்திரமாக வரைந்தார். கீழே, கப்ரானிகா அரங்குக்கு ஆப்பெரா எழுதிய சிவப்புப் பாதிரியார் என்று குறித்தும் வைத்தார். விற்பனைக்கு வரைந்ததல்ல என்பதால் மூக்கும் தப்பியது, பட்டப்பெயரும் தப்பியது.

ஆனால் இன்று இசைத்தட்டு உறைகளில் நாம் அதிகம் காண்பது இந்த இரண்டையும் அல்ல. போலோஞ்ஞாவில் உள்ள ஒரு வண்ண ஓவியத்தை. வரைந்தவர் பெயரும் தெரியாது; வரையப்பட்டவர் விவால்டிதான் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அதில் வண்ணம் இருக்கிறது, கையில் வயலின் இருக்கிறது. நமக்கு வேண்டிய விவால்டியை நாமும் தேர்ந்தெடுத்துக்கொண்டோம், ஆம்ஸ்டர்டாம் தேர்ந்தெடுத்ததைப் போலவே.