சோறிட்டவன் கடன்

சில திங்களுக்கு முன் பௌர்ணமிக் கூட்டமொன்றில் மைத்திரியைக் குறித்து நாம் பேசி முடித்து, அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து நின்றார். கைகூப்பிவிட்டு, அவர் கேட்டது இது:

"எல்லா உயிர்களிடத்தும் அன்பு வேண்டும் என்கிறீர்கள், ஐயா. என் பேரன் பள்ளிக்கூடம் போகும் சந்தில் ஏழெட்டு நாய்கள் நிற்கின்றன. பிள்ளை பயந்து பயந்து போகிறான். அவற்றுக்குத் தினமும் மாலையில் காரில் வந்து சோறு வைத்துவிட்டுப் போகிறார் ஓர் அம்மையார். அந்த அம்மையார் வீட்டில்தான் என் மருமகள் பாத்திரம் துலக்குகிறாள். அவள் காப்பி குடிக்கத் தனிக் குவளை. அதைக் கழுவிக் கொல்லைப்புறத்தில் கவிழ்க்க வேண்டும். இந்த அன்பை எந்தக் கணக்கில் எழுதுவது?"

கூட்டம் சிரிக்கவில்லை. நாமும் உடனே மறுமொழி சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்வோம் என்று கூறிவிட்டு வீடு திரும்பினோம். அன்றிரவு முழுதும் அக்குவளையே கண்முன் நின்றது. அன்று சொல்லாததை இப்பக்கங்களில் எழுத முயல்கிறோம்.

முதியவரின் வினாவில் இரண்டு வினாக்கள் பிணைந்து கிடக்கின்றன. ஒன்று குவளையைப் பற்றியது. மற்றொன்று நாய்களைப் பற்றியது. குவளையைப் பற்றிய வருத்தம் நம் மக்களுக்குப் புதியதன்று. 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மஹாடு நகரத்துச் சௌதார் குளத்தில் இறங்கி நீரள்ளிப் பருகினார். அதற்கு முன்பும் அக்குளத்தில் ஆடுமாடுகளும் நாய்களும் தடையின்றி வாய்வைத்துக் குடித்தே வந்தன. மனிதருள் ஒரு பகுதியினருக்கு மட்டுமே தடை இருந்தது. ஆகையால் நம்மவருள் ஒருவர், "நாயை நமக்கு மேலே வைத்த நாடு இது; அந்த நாய்க்கு நாம் ஏன் இரங்க வேண்டும்?" என்று கேட்பாராயின், அக்கேள்வியை வன்னெஞ்சின் கேள்வியென்று நாம் தள்ளிவிட மாட்டோம். அது புண்பட்டவரின் கேள்வி. ஆயினும் அக்குளத்தின் சட்டத்தை நாய் எழுதவில்லை. தாகமெடுத்தது, குடித்தது, அவ்வளவே. எழுதியவனிடம் கேட்க வேண்டிய கணக்கை எழுதப்படிக்கத் தெரியாத பிராணியிடம் கேட்பது எவ்வகையில் நீதியாகும்?

ஜாதகக் கதைகளுள் குக்குர ஜாதகம் என்றொன்று உண்டு. போதிசத்துவர் ஒரு பிறவியில் நாயாய்ப் பிறந்து காசி நகரத்துச் சுடுகாட்டில் நாய்க்கூட்டத்திற்குத் தலைமை பூண்டிருந்தார். அரசன் நந்தவனம் சென்று திரும்பிய தேரின் தோல்வார்கள் இரவு முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்தன. அரண்மனையில் வளர்ந்த உயர்சாதி நாய்கள் அவற்றைக் கடித்துத் தின்றுவிட்டன. மறுநாள் ஏவலாளரோ, வெளிநாய்கள் சாக்கடை வழியே புகுந்து தின்றுவிட்டனவென்று உரைத்தனர். அரசன் சினந்து, கண்ட இடத்தில் நாய்களையெல்லாம் கொல்லுமாறு ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. போதிசத்துவ நாய் தனியே அரசவைக்குள் நுழைந்து அரியணையின் கீழிருந்து வெளிவந்து அவனிடம் முறையிட்டது. தின்றது எந்த நாய் என்று அறிவாயா? அறியேன். எல்லா நாய்களையும் கொல்கிறாயா? இல்லை, அரண்மனை நாய்களைக் கொல்வதில்லை. அப்படியாயின் விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நான்கு தீநெறிகளில் நீ செல்கிறாய். அரசன் துலாக்கோல் போல் இருக்க வேண்டும் என்று அந்நாய் இடித்துரைத்தது. மோரும் தருப்பைப் புல்லும் கலந்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் சொல்ல, அவை தோல்துண்டுகளைக் கக்கின.

பிறப்பைக் கண்டு குற்றம் சுமத்துவதும், பிறப்பைக் கண்டு குற்றத்தை மறைப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை இதைவிடத் தெளிவாய் யார் சொல்ல முடியும்? இக்கதையைக் கேட்கும்போதெல்லாம், சுடுகாட்டு நாயின் பக்கத்தில் நம் முன்னோர் நின்றுகொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

ஆனால் இக்கதையோடு நின்றுவிட்டால் முதியவரை ஏமாற்றியவராவோம். கதையில் வந்த நாய்கள் குற்றமற்றவை. அவர் பேரன் போகும் சந்தில் நிற்கும் நாய் உண்மையிலேயே கடித்துவிடக்கூடும். வெறிநோய் என்பது கற்பனையன்று. அதன் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் மிக மிக அரியர். மனிதருக்கு அந்நோய் வருவது பெரும்பாலும் நாய்க்கடியால்தான். 1885-இல் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாயால் கடியுண்ட ஒரு சிறுவனுக்கு ஊசி மருந்திட்டுக் காத்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் நாட்டில் ஏழைப் பிள்ளைகள் அந்நோயால் மாள்கின்றனர். காரில் போகிறவர் பிள்ளையை நாய் கடிப்பது அரிது. நடந்து போகிறவர் பிள்ளையைத்தான் அது கடிக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்விடத்தில் நாம் செய்த பிழையொன்றைக் கூறுகிறோம்.

பெங்களூரில் பஞ்சாலை ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் நாம் ரிங் பிரேம் ஓட்டினோம். ஆலை வாயிலில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருக்கும். சங்கு ஊதியவுடன் எழுந்து நிற்கும். ஷிப்ட் முடிந்து வருபவர் தூக்குச்சட்டியில் மிச்சமிருக்கும் சோற்றைத் தட்டிவிட்டுப் போவர். மூன்று ஷிப்டுக்கும் மூன்று வேளைச் சோறு. மனிதருக்குக்கூட அந்நாளில் அவ்வளவு ஒழுங்காய்க் கிடைத்ததில்லை. பிறகு ஆலை மூடப்பட்டது. நாங்கள் பாக்கித்தொகைக்காக வாயிலில் உட்கார்ந்திருந்த நாட்களில் நாய்களும் உட்கார்ந்திருந்தன. சங்கு ஊதவில்லை. ஒவ்வொருவராய் நாங்கள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டோம். நாய்களுக்குப் போக இடமில்லை. ஒரு திங்கள் கழித்து அவ்வழியே போனபோது நான்குதான் இருந்தன. அவற்றுள் கறுப்புப் பெட்டை ஒன்று எம்மை அடையாளங்கண்டு பின்னாலேயே வந்துவிட்டது.

நாம் அதற்குச் சோறு போட்டோம். அதைக் கருணையென்றே எண்ணிக்கொண்டோம். அது ஆண்டுக்கு இருமுறை குட்டி போட்டது. குட்டிகள் சில வண்டியில் அடிபட்டன, சில சொறிபிடித்துச் செத்தன, சில வளர்ந்தன. ஊசி போட வேண்டுமென்று யாரோ சொன்னார்கள். வாயில்லாப் பிராணிக்கு ஊசியா என்று சிரித்தோம். ஒருநாள் குட்டிகளருகே பந்தெடுக்கப் போன அண்டை வீட்டுப் பெண்குழந்தையின் கணுக்காலைத் தாய்நாய் கவ்விவிட்டது. குழந்தையின் பாட்டி சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டினார். கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவ வேண்டும், வேறெதையும் அப்பக்கூடாது என்பதை அன்று மருத்துவமனையில்தான் நாம் அறிந்தோம். குழந்தையைத் தோளில் சுமந்து நான்கு முறை ஊசிக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் அவள் அழுதாள். அவள் தாய் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை, வழியில் பேசவுமில்லை. தம்மம் பேசுகிற நாக்கு அந்த நான்கு நாட்களும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆசாரியர் புத்தகோஷர் தமது விசுத்திமார்க்கத்தில் ஒரு நுட்பம் கூறுகிறார். ஒவ்வொரு நற்குணத்திற்கும் தொலைவில் ஒரு பகையும் அருகில் ஒரு பகையும் உண்டாம். கருணைக்குத் தொலைப்பகை கொடுமை. அதை எளிதில் அடையாளங் காணலாம். அருகிலிருக்கும் பகையோ துயரம். அது கருணையைப் போலவே வேடம் பூண்டு நிற்கும். பசித்த நாயைக் கண்டு நம் நெஞ்சு நோகிறது. அந்நோவு தீர ஒரு கவளம் எறிகிறோம், நோவு தீர்ந்துவிடுகிறது, போய்விடுகிறோம். நாய் அங்கேயே இருக்கிறது. நாம் தீர்த்தது எவருடைய துன்பம்? நாம் பல்லாண்டுகள் அந்தக் கறுப்பு நாய்க்கு இட்ட சோற்றில் பாதிக்குமேல் நமக்கே இட்டுக்கொண்டது என்று இன்று எண்ணுகிறோம்.

சோறு போடுவது தவறென்று சொல்லவரவில்லை. சோறு போட்டவுடன் ஒரு கடன் பிறக்கிறது என்பதே நம் கருத்து. சோற்றுக்குப் பழகிய நாய் கைக்கு வரும். கைக்கு வரும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடலாம், கருத்தடை செய்விக்கலாம், புழு வைத்த புண்ணைக் கழுவலாம். சோறிடுகிறவரைத் தவிர வேறெவராலும் இவற்றை எளிதாய்ச் செய்ய முடியாது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுபோகும் என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். கொன்று குறைப்பதால் அது நிற்பதில்லை. ஓரிடம் காலியானால் பக்கத்திலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து நிறைத்துக்கொள்ளும். சென்னையில் 1959-இல் தோன்றிய புளூகிராஸ் அமைப்பினர் 1964 முதற்கொண்டே கருத்தடை முறையைக் கைக்கொண்டனர். அரசு அதை விதியாக்கியது 2001-இல். 2023-இல் புதிய விதிகள் வந்தன.

கருத்தடை ஹிம்சையல்லவா என்று உபாசகர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. அசோகச் சக்கரவர்த்தி தம் இருபத்தாறாம் ஆட்சியாண்டில் வெட்டுவித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், காளை, ஆட்டுக்கடா, பன்றி முதலியவற்றுக்கு விதையடித்தலைச் சில புனித நாட்களில் தடுத்திருக்கிறார். எல்லா நாட்களிலும் தடுக்கவில்லை. அதுவும் மனிதன் தன் பயனுக்காக, மயக்கமருந்தின்றிச் செய்த கொடுமை. நாயை மயக்கி, மருத்துவர் அறுத்துத் தைத்து, சில நாள் வைத்துப் பேணி, காதில் சிறு அடையாளமிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவது வேறு. செயலின் சாரம் எண்ணத்தில் உள்ளது என்பது பகவன் வாக்கின் சாரம். கறுப்பு நாயின் குட்டிகள் தெருவில் நசுங்கியதைக் கண்ணாரக் கண்ட நாம், அறுவையை ஹிம்சையென்று சொல்லத் துணியமாட்டோம். அதே சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைச் சாசனம் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைச் சொல்கிறது. சோழ பாண்டிய நாடுகளின் பெயரும் அதில் உண்டு.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டுமென்று உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு 11-ஆம் நாள் ஆணையிட்டதும், 22-ஆம் நாள் மூவர் அமர்வு அதைத் திருத்தியதும் அன்பர்கள் அறிந்ததே. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர, ஊசியும் கருத்தடையும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கண்ட இடத்தில் சோறிடாமல் குறித்த இடத்தில் இட வேண்டும் என்பது திருத்தம். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அப்புறப்படுத்தவும் ஆணை வந்தது. ஆகஸ்டுத் திருத்தம் துலாக்கோலுக்கு அருகில் வருவதாக நமக்குப் படுகிறது. காப்பகம் என்ற பெயரில் பட்டினிக் கொட்டடி கட்டாதிருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உயர்சாதி நாயை விலைகொடுத்து வாங்கி, அதற்குப் பிறந்தநாள் கொண்டாடி, நோய்வந்ததும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவரைப் பற்றி எந்த ஆணையும் உரக்கப் பேசுவதில்லை. அரண்மனை நாய்க்கு விலக்கிருந்ததைப் போலவே அரண்மனைக்காரருக்கும் விலக்குண்டு போலும்!

இனிக் குவளைக்கு வருவோம். நம் மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வரலாறு வருகிறது. தாய் விட்டுச்சென்ற சிசுவைப் பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. வளர்ந்தபின் அவன் வேள்விச்சாலையில் பலிக்குக் கட்டியிருந்த பசுவைக் கண்டு, இரவில் மறைந்திருந்து அவிழ்த்துக்கொண்டு போனான். அகப்பட்டு அடியுண்டான், ஊரார் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லையிட்டனர். பிராணியை மீட்டவர் வரலாறு தமிழில் வேண்டுவோர்க்கு இதுவே போதும். ஆனால் அவன் அப்பசுவோடு நின்றுவிடவில்லை. மதுரைக்குச் சென்று பிச்சையெடுத்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், பிணியாளர் ஆகியோரை அழைத்து உண்பித்து, மிச்சத்தைத் தான் உண்டான். பசுவை அவிழ்த்த கையும் அவர்களுக்குப் படைத்த கையும் ஒரே கைதான். பசுவை அவிழ்த்துவிட்டு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தால் அவன் கதையை யார் பாடியிருப்பார்?

ஆதலின் முதியவருக்கு நம் மறுமொழி இது: அம்மையாரின் சோறு நாய்க்கு நன்மையே; அதைக் குறைவாய் மதிக்கவேண்டாம். அவர் வீட்டுக் குவளை தீமையே. சோற்றைக் காட்டி அதைக் கழித்துக்கொள்ள முடியாது. இரண்டையும் இரண்டு ஏடுகளில் எழுதுங்கள். உங்கள் பேரனின் அச்சம் மூன்றாவது ஏடு. அதற்கு அம்மையாரும் கடன்பட்டவர், நாமும் கடன்பட்டவர்.

அந்த மூன்றாவது ஏட்டைத்தான் முதலில் எடுத்தோம். சங்கத்து இளைஞர் நால்வரோடு நாம் சென்று அம்மையாரைக் கண்டு, பள்ளிச் சந்தை விட்டு ரயில்பாதை மதிலோரம் சோறிடுமாறு கேட்டுக்கொண்டோம், உடனே இசைந்தார். ஊசிக்கும் அறுவைக்கும் ஆகும் செலவில் பாதியைத் தாமே தருவதாகவும் சொன்னார். மீதிக்கு வைசாகப் பூர்ணிமை உண்டியலில் கொஞ்சம் எடுத்தோம்; அதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு, அறிவோம். நாய்களைப் பிடித்த காலையில், எவர் கைக்கும் அகப்படாதவை முதியவரின் மருமகள் கூப்பிட்டதும் வந்து நின்றன. அம்மையாருக்கு உடல்நலமில்லாத நாட்களில் சோறு கொண்டுவந்து வைத்தவள் அவளேயாம். இதை முதியவரும் அறிந்திருக்கவில்லை.

குவளையைப் பற்றியும் நாம் அம்மையாரிடம் பேசினோம். "அது வீட்டு வழக்கம், பெரியவர்கள் வைத்தது" என்றார். அது எந்தப் பெரியவர் வைத்ததாயினும் கவிழ்ப்பது உங்கள் கையல்லவா என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார். எட்டு நாய்களில் ஆறுக்கு ஊசியும் அறுவையும் முடிந்தன. செவலை ஒன்றும் அதன் குட்டியும் இன்னும் அகப்படவில்லை. வரும் ஞாயிறு விடியற்காலையில் மருமகளோடு மறுபடி போகிறோம்.