பந்தியில் பலவீனர் யார்?

துர்கா பூஜையின் அஷ்டமி அன்று மதியம் கல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் பல வீடுகளில் அடுப்பு எரியாது. பாபுபாகான், செலிம்பூர் போன்ற பெரிய பந்தல்களை விடுங்கள். சின்னச் சின்ன அடுக்ககங்களிலும் கீழே அம்மன் அமர்ந்திருப்பாள், பின்புறம் அண்டாவில் கிச்சுரி வெந்துகொண்டிருக்கும். பாசிப்பருப்பும் அரிசியும் குழைந்த அந்தக் கிச்சுரி, பல காய்களைச் சேர்த்துச் செய்த லாப்ரா, தக்காளிச் சட்னி, பாயேஷ் என்னும் பாயசம் எல்லாம் முதலில் தேவிக்குப் படைக்கப்படும். பிறகு வீடு வீடாகப் போகும். கீழே இறங்கி வராதவர்களுக்கு எல்லாரும் மாசிமா என்றழைக்கும் எதிர்வீட்டு அம்மாவே தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுப்பார். இவர் இந்து, அவர் கிறிஸ்தவர் என்று பார்த்துக் கொடுப்பதில்லை.

அப்படிக் கொடுக்கப்படும் வீடு ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். அவருக்கு அந்தக் கிச்சுரி பூஜைக் காலத்தின் ருசி, அண்டை வீட்டின் அன்பு. அதே நாளில் ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞனும் அங்கே தங்கியிருக்கிறான். ஞானஸ்நானம் பெற்று அதிக நாள் ஆகவில்லை. படையலும் சாமியாட்டமும் குறிகேட்பதுமான ஒரு வாழ்க்கையை, வீட்டாரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, விட்டுவந்தவன். மேசையில் தட்டு வைக்கப்படுகிறது.

“அண்ணே, இது படைச்சதாச்சே?”

“சும்மா சாப்பிடு தம்பி. விக்கிரகம்னு ஒண்ணும் கிடையாதுன்னு பவுலே சொல்லிட்டாரே.”

அண்ணன் சொன்னது சரிதான். பவுல் அப்படித்தான் எழுதினார். ஆனால் அதை எழுதிய அதே மூச்சில் அவர் அண்ணனை நோக்கித் திரும்பினார் என்பதைத்தான் நாம் பெரும்பாலும் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

கி.பி. 50களின் நடுவில், எபேசு நகரிலிருந்து பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 9, 10 ஆகிய மூன்று அதிகாரங்கள் இந்தத் தட்டைப் பற்றியவைதாம். கொரிந்து ரோமர்கள் மறுபடி கட்டியெழுப்பிய துறைமுக வாணிப நகரம். கோயில்களில் பலியிட்ட இறைச்சியில் ஒரு பகுதி பலிபீடத்துக்கும் பூசாரிக்கும் போக, மீதி விருந்துக்கும் சந்தைக்கும் வரும். அஸ்கிலேபியஸ் கோயிலை ஒட்டி விருந்து அறைகள் இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. கல்யாணம், நோய் தீர்ந்த நன்றி, தொழில் கூட்டம் எல்லாம் அங்கே நடந்தன. வசதியுள்ள கிறிஸ்தவன் அழைப்பை ஏற்றுப் போனான். அவனுக்குத் தெளிவு இருந்தது, கடவுள் ஒருவரே, சிலை வெறும் கல். நேற்றுவரை அந்தப் பலிபீடத்தின் முன் நடுங்கி நின்ற ஏழை விசுவாசி, அண்ணன் உள்ளே பந்தியில் சாய்ந்திருப்பதைத் தெருவிலிருந்து பார்த்தான்.

பவுல் அறிவில் அண்ணனின் பக்கம். சிலை ஒன்றுமில்லை, உணவு நம்மைக் கடவுளிடம் நெருக்குவதும் இல்லை, விலக்குவதும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, உன் அறிவினால் உன் தம்பி கெட்டுப்போனால் அந்த அறிவு எதற்கு என்று கேட்கிறார். அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தார் என்று நினைவூட்டுகிறார். கடைசியில், தன் சகோதரனுக்கு இடறலாகுமானால் தான் இறைச்சியையே தொடப்போவதில்லை என்று முடிக்கிறார். உரிமை இல்லாதவன் ஒதுங்குவதில் புதுமை ஒன்றும் இல்லை. முழு உரிமையும் உள்ளவன், கேட்பாரில்லாதபோதும், தானாக அதை ஒதுக்கி வைக்கிறான். கிறிஸ்தவக் கரிசனையின் முதல் அடுக்கு இது.

இரண்டாவது அடுக்கில்தான் பெரும்பாலான சபைகள் வழுக்குகின்றன. இடறல் என்றால் என்ன? ஒருவர் முகம் சுளிப்பது இடறல் அல்ல. சபையில் முப்பது ஆண்டு மூப்பராக இருந்தவர், பெண்கள் முக்காடு போடாததைக் கண்டு எரிச்சலடைகிறார். “என் மனசு இடறிப்போச்சு” என்கிறார். அவர் அதைக் கண்டு தானும் முக்காட்டை விட்டுக் கெட்டுப்போகப் போவதில்லை; அவர் விசுவாசம் ஆட்டம் காணவும் இல்லை. பவுல் சொல்லும் ஆபத்து வேறு. அந்த இளைஞன், அண்ணனுக்கு முன் கூச்சப்பட்டு, தன் உள்மனம் பாவம் என்று சொல்வதையே எடுத்து வாயில் போடுவான். உணவு அவனைக் கெடுக்காது. தப்பென்று நம்பியதைத் துணிந்து செய்துவிட்டோம் என்பது கெடுக்கும். மனச்சாட்சியை ஒருமுறை மிதித்தவனுக்கு அடுத்த முறை எளிது. இன்று கிச்சுரி, நாளை குறிசொல்பவரின் வாசல், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வராமல் இருத்தல். பவுல் அஞ்சியது இந்தச் சரிவுக்குத்தான்.

ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் இதே பேச்சு மறுபடி வருகிறது. அங்கே மரக்கறி மட்டும் உண்போர் ஒருபுறம், எல்லாம் உண்போர் மறுபுறம். சில நாட்களை விசேஷமாகக் கொள்வோரும் எல்லா நாளையும் ஒன்றாகக் கொள்வோரும் உண்டு. கிளவுதியு பேரரசன் ரோமிலிருந்து யூதரை விரட்டியதும், அவன் 54இல் இறந்தபின் அவர்கள் திரும்பி வந்ததும் இந்தப் பூசலுக்குப் பின்னணி என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள். பவுல் அங்கே இரு பக்கத்தையும் கடிந்துகொள்கிறார். உண்பவன் உண்ணாதவனை அற்பமாக எண்ணக் கூடாது. உண்ணாதவன் உண்பவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. எல்லாம் உண்ணும் பலமுள்ளவனின் பாவம் ஏளனம். மரக்கறி மட்டும் உண்ணும் பலவீனனின் பாவம் நியாயத்தீர்ப்பு. பலவீனனுக்கும் பாவம் உண்டு என்பதை நம் பிரசங்கிகள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

சுதந்திரத்தை ஆயுதமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தாவிலேயே ஒரு கதை இருக்கிறது. 1831 ஆகஸ்டில், ஆசிரியர் டெரோசியோவின் மாணவர் வட்டத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கிருஷ்ண மோகன் பந்தோபாத்யாயாவின் வீட்டில் கூடி மாட்டிறைச்சி தின்றார்கள். அதோடு நிற்கவில்லை, எலும்பை அடுத்த வீட்டு பிராமணர் முற்றத்தில் எறிந்தார்கள். கிருஷ்ண மோகன் அப்போது வீட்டில் இல்லை. ஆனாலும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் அப்போது கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் ‘எனக்குத் தெளிவு வந்துவிட்டது, உனக்கு வரவில்லை’ என்ற அந்த வீறாப்பு கொரிந்து சபையின் வீறாப்புதான். அடுத்த ஆண்டு கிருஷ்ண மோகன் மிஷனரி அலெக்சாண்டர் டஃபிடம் ஞானஸ்நானம் பெற்றார். போதகரானார். 1875இல் வெளிவந்த அவருடைய நூல் வேத காலத்துப் பலியை, பிரஜாபதியின் தியாகத்தை, கிறிஸ்துவுக்கு முன்சாட்சியாக வாசித்தது. முற்றத்தில் எலும்பு விழுந்த வீட்டாரின் மொழியிலேயே அவர்களோடு பேச முயன்ற முதுமை அது. அந்த 44 ஆண்டு தூரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மதுவைப் பற்றி நீட்ட வேண்டாம். கிறிஸ்துமஸ் காலத்தில் பௌ பேரக்ஸ் பகுதியின் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் செய்யும் திராட்சை ரசம் இந்நகரில் பெயர்பெற்றது. தமிழகத்துச் சபைகள் பலவற்றில் அதைத் தொட்டாலே குற்றம். இரண்டும் விசுவாசமுள்ள வீடுகளே. ஆனால் குடியிலிருந்து மீண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள். அதற்கு வேதவாக்கியம் தேவையில்லை.

இனி கடினமான இடத்துக்கு வருகிறேன். விட்டுக்கொடுத்தல் எங்கே நிற்கும்? பவுல் ஒரே மனிதர்தான். ஆனால் யூதர் மத்தியில் ஊழியம் செய்ய வேண்டியிருந்ததால் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார், விருத்தசேதனம் செய்தே தீர வேண்டும் என்று சிலர் நெருக்கியபோது தீத்துவுக்குச் செய்விக்க மறுத்தார். அந்தியோகியாவில் இன்னும் கூர்மையான சம்பவம் நடந்தது. புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்தவர்கள் வந்ததும் எழுந்து விலகினார். வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். பவுல் அதைக் கரிசனை என்று ஏற்கவில்லை. எல்லார் முன்னும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். ஒருவன் இறைச்சியை விட்டுக்கொடுக்கலாம். இன்னொருவனின் பந்தி இடத்தை எடுத்து விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமையில்லை.

தமிழ்த் திருச்சபை இந்த வேறுபாட்டைக் கற்க மிகுந்த வேதனைப்பட்டது. அதில் கல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. 1706இல் டேனியர் துறைமுகமான தரங்கம்பாடியில் தொடங்கிய புராட்டஸ்டண்ட் பணி, ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதைப் பொறுத்துக்கொண்டது. வங்காளத்தில் அதே டேனியர் கொடியின் கீழிருந்த செராம்பூரில் மிஷனரி கேரியும் தோழர்களும் அதைப் பொறுக்கவில்லை. 1800 டிசம்பரில் முதல் விசுவாசியான தச்சர் கிருஷ்ண பால், ஞானஸ்நானத்துக்குச் சில நாள் முன்பே மிஷனரிகளோடு உட்கார்ந்து உண்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பழைய வழக்கமே நீடித்தது. புதிதாக வந்த மிஷனரிகள் அதைக் குலைக்க முற்பட்டபோது வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் புலவரே எதிர்த்து எழுதினார். 1826இல் தமிழ்நாட்டுக்கு வந்த கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் மென்மையாக விசாரிக்கத் தொடங்கினார். அந்த ஏப்ரலில் திருச்சியில் இறந்துபோனார். அவருக்குப் பின்வந்தவர்களில் ஒருவரான டானியல் வில்சன், 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை தாமதமின்றி முற்றிலும் ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஒரே பந்தி, ஒரே வரிசை, நற்கருணையில் பேதமில்லை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். பலர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல், சாதி காலப்போக்கில் உள்ளிருந்து தேயட்டும், விசுவாசத்தில் முதிராதவர்களை ஒரே நாளில் நெருக்கக் கூடாது என்ற பக்கம் நின்றார்.

கிரௌல் தமிழை நேசித்த அறிஞர். அவர் வாதத்தில் கனிவு இல்லாமல் இல்லை. வில்சனின் கடிதத்தில் வெள்ளைக்கார அதிகாரத்தின் தொனி இருந்ததும் உண்மை. ஆனாலும் தீர்ப்பு சொல்லத்தான் வேண்டும். அந்தப் பந்தியில் பலவீனர் என்று அழைக்கப்பட்டவர்கள் நிலமும் கல்வியும் உபதேசியார் வேலையும் உள்ளவர்கள். அவர்களின் ‘பலவீனத்துக்காக’ விலை கொடுத்தவர்கள் பின்வரிசையில் உட்கார்த்தப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதி விசுவாசிகள். பவுலின் கணக்கில் விலை கொடுக்க வேண்டியவன் பலமுள்ளவன். இங்கே கணக்குத் தலைகீழாக எழுதப்பட்டது. ஒதுக்கப்பட்டவனின் விசுவாசம் என்னவாகும் என்று கேட்டவர் மிகச் சிலர்.

கத்தோலிக்கரும் இதற்கு விலக்கல்லர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே நின்று பூசை காண இரண்டு கால்களாகப் பிரிந்த கோயிலே கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பை 1910இல் கௌசானல் சாமியார் இடித்தார். வெள்ளாளர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

அப்படியானால் டாக்குரியா மேசையில் அண்ணன் என்ன செய்யலாம்? மாசிமாவின் கையிலிருந்து தூக்குச்சட்டியை இரு கையாலும் வாங்கட்டும். அவர் முன் மறுப்பது அன்பை மறுப்பது. தம்பி இருக்கும்வரை அதை மேசைக்குக் கொண்டுவராமல், வீட்டில் சோறு வடிக்கட்டும். சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல் ஏதேனும் பலகாரம் வைத்து அனுப்பட்டும். டிசம்பரில் கேக் போகட்டும். தம்பியிடம் தர்க்கம் செய்யாமல், மாதக்கணக்கில் வேதம் சேர்ந்து வாசிக்கட்டும். ஏனென்றால் ஒருவனைத் தாங்குவது அவனை என்றும் நோஞ்சானாகவே வைத்திருப்பது அல்ல. ஒரு நாள் அவனே கேட்பான், அல்லது கடைசிவரை உண்ணாமலே இருப்பான். இரண்டும் கர்த்தருக்கென்றால் இரண்டும் சரியே.

தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சாதிச் சுவர் நிற்கிறது. இடித்தால் சபை உடையும், இன்னும் பக்குவப்படாதவர்களை நினைத்துப் பொறுங்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்தச் சொற்கள் எழும்போது நீங்கள் எழுந்து, இந்தப் பொறுமைக்கு யார் எதை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்பவர் தமக்குரியதை இழப்பதாக இருந்தால் உட்காருங்கள். இல்லையென்றால், பதில் வரும்வரை நின்றுகொண்டே இருங்கள்.