குழாய் கட்டாத மண்டபம்

எங்கே குழாய் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன். மைக் செட்காரர் மகளுக்கு அந்தப் பழக்கம் போகாது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, உள்ளே நுழைந்ததும் கண் மேலே போய்விடும்.

இது ஆன் ஆர்பர் ஊரில், மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற ஹில் அரங்கம். மகள் அங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். ஜனவரிக் கடைசி, வெளியே மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். "ஃபோக் ஃபெஸ்டிவல்மா, உட்கார்ந்து கேக்கறதுதான், உனக்குக் கால் வலிக்காது" என்று டிக்கெட் வாங்கியிருந்தாள். சுமார் 3500 பேர் அமரலாம். ஒவ்வொருவர் மடியிலும் தூங்குகிற குழந்தைபோல ஒரு கனமான கோட்டு.

1913-ல் திறந்த மண்டபம். ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர் சுவரையும் கூரையையும் பரவளையமாக வளைத்திருக்கிறார். முப்பது வருஷம் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பரவளையத்துக்குள் ஒருநாள் உட்காருவேன் என்று இந்தக் கணக்கு டீச்சர் நினைத்ததில்லை. குவியத்தில் நின்று பாடினால் ஒலி நேர்கோடுகளாகக் கடைசி வரிசைவரை போகும். ஆனால் கணக்கு அதோடு விடாது. அந்தப் பக்கத்து இருமலும் செருமலும் வளைவில் பட்டு மேடைப் பக்கம் வந்து கூடும். அப்பாவின் குழாய் அப்படியில்லை. ஊருக்கெல்லாம் சொல்லும், யார் சொல்வதையும் கேட்காது.

மேடைக்குப் பின்னால் வரிசையாக ஆர்கன் குழல்கள். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காகச் செய்த ஆர்கனாம். விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவையும் அந்தக் கண்காட்சியை ஒட்டித்தானே நடந்தது! அன்றிரவு அதை யாரும் வாசிக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் அப்பாவுக்கு மைக் செட் கடை. கறுப்புச் சட்டைக்காரர். அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது சாமிகள்தான். சிக்கலில் கந்த சஷ்டி, நாகூரில் கந்தூரி, செப்டம்பர் 8 முடியும்வரை வேளாங்கண்ணிப் பாதையில் தண்ணீர்ப் பந்தல்கள். தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் சூடாகும்வரை ஒரு பீடி குடித்துவிட்டு, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைப் போடுவார். ரெக்கார்டைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. குறுக்கே துடைத்தால் திட்டு விழும். பழைய வேட்டித் துணியால் வரியோடு வரியாக, சுற்றிச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். அதே பெட்டிக்குள் நாகூர் ஹனீபா இரண்டு விதமாக இருப்பார்: கழகத்துக்குப் பாடியது ஒரு தட்டு, அல்லாவைப் பாடியது ஒரு தட்டு. அப்பா இரண்டையும் ஒரே உறையில் வைத்திருந்தார். ஓர் உறை கிழிந்துபோய் வேறு வாங்கவில்லை, அவ்வளவுதான். தத்துவம் ஒன்றும் இல்லை.

மேடையில் கடைசியாக வந்தது ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒரு கிட்டார், ஒரு பான்ஜோ, இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு மைக். பாடுகிறவர் அரை அடி முன்னே வருவார், மற்றவர் பின்னே சாய்ந்துகொள்வார். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காலால்தான். ஆளுக்கொரு மைக் கேட்டு அப்பாவின் உயிரை வாங்கிய பாட்டுக் கச்சேரிக்காரர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கேட்பவர்கள் அசையவில்லை. ஒரு 'ஆஹா' கிடையாது, 'பலே' கிடையாது, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற ஆள் கிடையாது. என் கை தன்போக்கில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. மகள் கோட்டை இழுத்து அதன்மேல் மூடினாள்.

முடிகிற நேரத்தில் இருவரும் மைக்கை விட்டு மேடை விளிம்புக்கு வந்து நின்றார்கள். எல்லோரும் பாடலாம் என்று சொல்லிவிட்டு வெறுங்குரலில் தொடங்கினார்கள். 'ஐல் ஃப்ளை அவே' என்ற பாட்டு. ஆல்பர்ட் பிரம்லி என்பவர் 1929-ல் எழுதி, 1932-ல் அச்சானது. ஒக்லஹோமாவில் அப்பாவின் வயலில் பருத்தி எடுத்துக்கொண்டே ஏதோ ஒரு கைதியின் பாட்டை முணுமுணுத்தபோது தோன்றியதாம். உலகம் சிறை, சாவு விடுதலை, கடவுளிடம் பறந்து போய்விடலாம் என்பதுதான் சங்கதி. தேவாலயப் பாட்டு. 2000-ல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு இளைஞர்கள் வாயிலும் ஏறிவிட்டது.

மண்டபமே பாடியது. மகளின் சிநேகிதர்கள் நாலு பேரும் பாடினார்கள். முந்தின வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, கடவுள் என்று எதுவும் கிடையாது என்று தீர்த்துச் சொன்ன பிள்ளைகள். அதில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

நம்பாததைப் பாடலாமா? பாடினால் அது பொய்யா?

இசைக்கு மதமில்லை என்று ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. அதே மெட்டில் 'லாலலா' பாடியிருந்தால் அந்தப் பெண் அழுதிருப்பாளா? சொல்லும் சேர்ந்துதான் அவளைத் தொட்டது.

இன்னொரு சமாதானத்தை எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். அப்பா இறந்தபோது, அவர் சொல்லி வைத்தபடி சடங்கு எதுவும் செய்யவில்லை. கடைப் பையன் வாசலில் செட் போட்டான். போட்டவன், கைப்பழக்கத்தில், பிள்ளையார் பாட்டில் ஊசியை வைத்துவிட்டான். இயக்கத் தோழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சித்தப்பா என் தோளைத் தட்டி, "பாத்தியா, உள்ளுக்குள்ள பக்தி இருந்திருக்கு. உங்கப்பா சாக்கிய நாயனார் மாதிரிம்மா" என்றார்.

பெரியபுராணத்தில் வருகிற சாக்கியர் பௌத்தக் கோலத்தைக் களையாமல் நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்தவர். எறிந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் மறந்துபோய் இலை முன்னால் உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் அப்படியே எழுந்து ஓடினார். கல்லைப் பூவாக வாங்கிக்கொண்டான் இறைவன். எனக்குப் பிடித்த கதைதான். ஆனால் அப்பாவுக்கு அது பொருந்தாது. தன் மனசில் என்ன இருக்கிறது என்று அவர் ஒளிக்கவே இல்லை. ஒன்றும் இல்லை என்று வாழ்நாள் முழுக்க எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் சொன்னதை அவர் செத்த மறுநாளே இல்லையென்று ஆக்குவது திருட்டு. சித்தப்பா பெரியவர், வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குத் தோன்றுவது வேறு. தாசில்தார் ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். 'ஐயா, கணவனை இழந்த நான்' என்று மீசைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அந்த 'நான்' வேறொருத்தியுடையது. அவர் கையைக் கொடுக்கிறார். அப்படி, பருத்திக் காட்டில் நின்ற ஒருவனுடைய 'நான்'-ஐ இந்தப் பிள்ளைகள் தங்கள் வாயில் வாங்கிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? ரொம்ப நேரம் இது எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு உறைத்தது: மனு எழுதுகிறவருக்கு உள்ளே தாசில்தார் இருக்கிறார் என்று தெரியும். நாற்காலியே காலி என்று நினைக்கிறவன் எதற்கு எழுதுகிறான்? என் உவமை அந்த வாசற்படியோடு நின்றுவிட்டது.

எனக்கு இடப்பக்கம் ஒரு பாட்டியம்மா. எழுபத்தைந்து இருக்கும். எல்லோரும் பாடியதை அவர் பாடவில்லை. அதே சொற்களை, மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக, தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். தனியாகக் கேட்டால் பாட்டு தப்பாகப் போகிறது என்றுதான் தோன்றும். மண்டபத்தோடு சேர்த்துக் கேட்டால் தரை போட்டதுபோல இருந்தது.

விளக்கு வந்ததும் கேட்டேன்: இது எங்கே கற்றது? அம்மா பாடிய குரல், என்றார். தேவாலயத்தில் அம்மா கீழ்க்குரல், அக்கா மேல்குரல். நாற்பது வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை, போகிற எண்ணமும் இல்லை. ஆனால் மேல்குரலை யாராவது எடுத்தால் தன் வாய் கீழ்க்குரலுக்குப் போய்விடும் என்றார். இந்த விழா எதற்கு நிதி திரட்டுகிறது தெரியுமா என்று அவரே சொன்னார்: 'தி ஆர்க்' என்ற பாட்டரங்கத்துக்கு. பேழை என்று பெயர் வைத்து, 1965-ல் தேவாலயங்கள் சேர்ந்து தொடங்கிய இடம். தேவாலயங்கள் பிறகு விலகிக்கொண்டன. 1977-லிருந்து இந்த விழாதான் தாங்குகிறது.

"தனியாக இருக்கும்போது பாடுவீர்களா?" என்றேன்.

"கீழ்க்குரலை மட்டும் தனியாகப் பாடி என்ன செய்ய?" என்று சிரித்தார். கோட்டை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "உங்கள் வீட்டில் உங்களுக்கு எந்தக் குரல்?" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் பாட மாட்டோம், நான் ரெக்கார்டு துடைப்பேன் என்றேன். எப்படித் துடைப்பீர்கள் என்று கேட்டார். கையை நீட்டச் சொல்லி, அவர் உள்ளங்கையில் வரியோடு வரியாகச் சுற்றிக் காட்டினேன்.